பெருவிரல் சூடேறும் வரை

ஏசியை அணைத்து ஒரு நிமிடம்தான் ஆகிறது, இன்னும் ஒன்பது நிமிடம், கம்பளியை இழுத்து இரண்டு பாதங்களையும் மூடியாயிற்று, மூடியாயிற்றா என்று மறுபடியும் பார்க்கிறேன், மூடித்தான் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று எட்டு. இருபத்தைந்துக்கு டாக்டர் அருமைநாயகம் வருவார், வந்து இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விடுவார், போனால் சாயங்காலம் வரை வெளியே வரமாட்டார். தாள் என் கையில்தான் இருக்கிறது. வலது கால் ஒன்று புள்ளி ஒன்று எட்டு, பக்கத்தில் பச்சை எழுத்தில் நார்மல். ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சரியாக இருந்தால் நாளைக் காலை இந்த அம்மாவின் வலது கால் சுண்டுவிரலை, கறுத்துப்போன அந்த ஒரு விரலை மட்டும், எடுத்துவிட்டு மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சரியாக இல்லாவிட்டால் விரலைத் தொடவே கூடாது. முதலில் அடைப்பு எங்கே என்று பார்த்து, பலூன் வைத்து ரத்தக் குழாயைத் திறந்து, பாதத்துக்கு ரத்தத்தை இறக்கிவிட்டு அதற்கப்புறம்தான் கத்தி. ரத்தம் வராத பாதத்தில் வெட்டினால் வெட்டின இடம் ஆறாது, ஆறாத இடம் மேலே ஏறும், விரலில் ஆரம்பித்தது பாதத்துக்குப் போகும், பாதத்திலிருந்து முட்டிக்குப் போகும், மூன்றாவது மாடி வார்டில் ஜன்னல் பக்கம் முழுக்க அப்படி ஏறினவர்கள்தான் படுத்திருக்கிறார்கள். தாள் நார்மல் என்கிறது. நான் கேட்ட சத்தம் நார்மல் இல்லை. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன், வைத்ததும் அது நானே செய்த தப்பு மாதிரி நெஞ்சில் உறுத்தியது, எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தேன், மடிப்புக் கோடு சரியாக நார்மலுக்கு நடுவில் விழுந்திருக்கிறது, விரலால் நீவிவிட்டாலும் போகவில்லை.

கையில் ஒரு பட்டை, கணுக்காலுக்கு மேலே ஒரு பட்டை, மெஷினே காற்றடிக்கும், மெஷினே இறக்கும், கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து ஒரு எண்ணைத் துப்பும். எண் ஒன்றையொட்டி வந்தால் நல்லது, புள்ளி ஒன்பதுக்குக் கீழே போனால் அடைப்பு. ஊசி இல்லை, கத்தி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டாம், அதனால்தான் எல்லாருக்கும் இந்தச் சோதனைமேல் பிரியம், எனக்கும்தான், வலிக்காமல் உண்மை கிடைக்கும் என்றால் யாருக்குக் கசக்கும். ஆனால் மெஷின் முடித்த பிறகு, யாரும் கேட்காமலே, பேனா மாதிரி இருக்கிற டாப்ளரை எடுத்து ஜெல் தடவிக் கணுக்காலின் உள்பக்கம் வைத்துக் கேட்பது என் பழக்கம். ரத்தம் போகிற சத்தத்தை அது பெரிதாக்கிக் காட்டும். நல்ல குழாய் என்றால் ஒரு துடிப்புக்கு மூன்று சத்தம், முதலில் பலமாக ஒன்று, பின்னாலேயே திரும்பி வருகிற மாதிரி ஒரு குட்டிச் சத்தம், அப்புறம் இருக்கிறதா இல்லையா என்று ஒன்று. கதை சொல்கிறவரும் ம் கொட்டுகிறவரும் மாதிரி. எங்கள் வீட்டில் தாத்தா மத்தியானம் கதை சொன்னால் யாராவது ம் கொட்டியே ஆகவேண்டும், ம் நின்றால் கதை நின்றுவிடும், ராஜா ஆற்றுக்கு நடுவில் பரிசலில் அப்படியே நிற்பார், ஏலே இருக்கியா என்று தாத்தா கேட்பார், நான் ம் என்ற பிறகுதான் பரிசல் நகரும். வீட்டில் எனக்கு வேறு வேலையே கிடையாது, ம் சொல்வதுதான் வேலை, அதனாலோ என்னவோ வாயைவிடக் காது பெரிதாக வளர்ந்துவிட்டது. சற்று முன் இந்த அம்மாவின் வலது கணுக்காலில் கேட்டது ஊஷ், அப்புறம் ஒன்றுமில்லை, ஊஷ், ஒன்றுமில்லை. சொல்கிறவர் சொல்லிக்கொண்டே போகிறார், அந்தப் பக்கம் ஆளே இல்லை. இடது காலில் அப்படியில்லை, லேசாகவாவது ஒரு பதில் இருந்தது, இருந்ததா, இருந்தது என்றுதான் நினைக்கிறேன், நினைக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்ல முடியாது.

கேட்டது சரிதானா என்று கேட்டுக்கொள்வதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. ஐப்பசியில் இதே கட்டிலில் ஒரு காலேஜ் பிள்ளை படுத்திருந்தாள், கால் மரத்துப்போகிறது என்று வந்தவள், இரண்டு பாதத்திலும் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஓட்டமே இல்லை சார் என்று டாக்டரிடம் ஓடினேன், இந்த ஆஸ்பத்திரியில் நான் ஓடினது அந்த ஒரு தடவைதான். அவர் வந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏசி எதில் இருக்கிறது என்று கேட்டார். பதினெட்டில் இருந்தது. பிள்ளை மழையில் நனைந்து வந்திருந்தாள், பாதம் ஐஸ் கட்டியாக இருந்தது, குளிரில் சின்னக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன், நாலு மார்க். போதாததற்குப் பதற்றத்தில் டாப்ளரை அமுக்கிப் பிடித்திருந்தேன், அமுக்கினால் குழாய் மூடிக்கொள்ளும், அது இரண்டு மார்க். டாக்டர் அந்தப் பாதத்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து இரண்டு நிமிடம் தேய்த்தார், டாப்ளரை மெதுவாக வைத்தார், மூன்று சத்தமும் மணி மணியாக வந்தது. பிள்ளையின் அப்பா அதற்குள் அழுது முடித்திருந்தார். டாக்டர் கோபப்பட்டிருக்கலாம், கோபப்படவில்லை, தம்பிக்குச் சபா காது, நம்ம மெஷின் அந்த அளவுக்கெல்லாம் பாடாது என்று மட்டும் சொன்னார், ஸ்டெல்லா சிஸ்டர் சிரித்தார், அழுத அப்பாவும் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து சிஸ்டருக்கு நான் வித்வான். வித்வான், அடுத்த கால் வந்துருக்கு. வித்வான், டீ ஆறுது. பேர் வைத்ததுகூடப் பரவாயில்லை, அதற்கப்புறம் காதில் ஏதாவது விழும்போதெல்லாம் இது அந்தப் பிள்ளையின் பாதமோ என்று ஒரு சின்னக் குளிர் உள்ளே ஓடுகிறதே, அதுதான். அதனால்தான் இன்றைக்கு ஏசியை அணைத்தேன், ஜன்னலையும் சாத்தினேன், பங்குனி வெயில் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிறது, என் முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்குகிறது, இறங்கட்டும், பாதம் சூடேறட்டும். இந்தத் தடவை குளிர் மேல் பழி போட முடியாது. பதினொன்று பதினொன்று.

கட்டிலில் படுத்திருக்கிற பாக்கியத்தாய் அம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை வந்து பத்தொன்பது வருடம், கீழ ரத வீதி ஜவுளிக்கடையில் காட்டன் சேலை செக்‌ஷனில் இருபத்தாறு வருடமாக நிற்கிறார், இதெல்லாம் நான் கேட்காமலே அவர் சொன்னது. புதுச் செருப்பின் வார் கடித்துச் சுண்டுவிரலில் சின்னதாகக் கொப்புளம் வந்ததாம், தேங்காயெண்ணெய் தடவினாராம், மஞ்சள் வைத்தாராம், ஒன்றரை மாதத்தில் விரல் கறுத்துவிட்டது. வலிச்சா வந்துருப்பேம்லா, வலிக்கவே இல்லையே எய்யா என்று அவர் சொன்னபோது அதில் ஒரு புகார் இருந்தது, வலியே தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி. கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்ததல்லவா, அதற்கப்புறமும் மேனேஜர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, போன தைமாதம்தான் செக்‌ஷனுக்கு ஒரு ஸ்டூல் வந்ததாம். “இருவத்தாறு வருசமா ஸ்டூல் இல்ல, காலு இருந்துச்சு. ஸ்டூல் வந்துட்டு, காலு போவுதுங்கு. ரெண்டையும் சேத்துத் தரமாட்டாவ போல.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு எதிரே இருந்த மேஜையைப் பார்த்து, மெஷின் நார்மல்னு சொல்லிட்டுல்லா, பிறவு எதுக்குய்யா என்னை அவிக்கிற மாதிரி மூடிப் போட்டிருக்க என்று கேட்டார். அதுதான் இன்னொரு சிக்கல். தாள் மெஷினிலிருந்து வெளியே வரும்போது சிஸ்டர் பக்கத்தில் நின்றார், பச்சையைப் பார்த்ததும் நார்மல் அம்மா நார்மல் என்று வாய்விட்டுப் படித்துவிட்டார், இங்கே அந்த வார்த்தை பிரசாதம் மாதிரி, கையில் விழுந்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், இந்த அம்மா உடனே போனை எடுத்து மகளிடம், ஏட்டி காலு நார்மலாம், விரலு மட்டுந்தான் என்று சொல்லியாயிற்று. கொடுத்ததை நான் எப்படித் திரும்பக் கேட்பேன். இன்னொரு தடவை பார்க்கணும்மா, பாதம் சூடா இருந்தா சரியாத் தெரியும் என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாச் சொல்லுய்யா, நானும் கடையில நின்னவதான், இப்படிப் பேசுனா ஒரு கர்ச்சீப் விக்க முடியுமா என்றார்.

மெஷினை நம்புவதா காதை நம்புவதா. அந்த ஐப்பசிக்குப் பிறகு தினம் காலையில் என் கையிலேயே பட்டையைக் கட்டிப் பார்ப்பேன், ஒரு மாதம் எழுதி வைத்தேன், திங்கள் நூற்றுப் பதினெட்டு, செவ்வாய் நூற்று முப்பத்தொன்று, மாடிப்படி ஏறி வந்த அன்றைக்கு ஒன்று, காபி குடித்த அன்றைக்கு ஒன்று, சிஸ்டர் பின்னால் வந்து நின்று வித்வான் என்று கூப்பிட்ட அன்றைக்கு நூற்று நாற்பது. ஒரே உடம்பு, ஒரே கை, ஒரே பட்டை. இதில் நான் எந்த எண். அப்போது கொஞ்ச நாள் எல்லாவற்றின் மேலும் சந்தேகமாக இருந்தது, பிறகு புத்தகத்தில் சொன்ன மாதிரி பத்து நிமிடம் படுத்து, பேசாமல், காலைக் குறுக்கே போடாமல் எடுத்துப் பார்த்தேன், நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினாறு. அன்றைக்கு அந்த அறையில் தனியாகச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. எண் பொய் சொல்வதில்லை, கேட்கிறவன் அவசரப்படுகிறான். அப்படியானால் இந்த ஒன்று புள்ளி ஒன்று எட்டும் பொய் இல்லை. இந்த அம்மாவையும் பத்து நிமிடம் படுக்கவைத்துத்தான் எடுத்தேன், இரண்டு தடவை எடுத்தேன், ஒன்று புள்ளி ஒன்று எட்டு, ஒன்று புள்ளி ஒன்று ஒன்பது. ஒட்டித்தான் வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு தப்பு இரண்டு தடவை ஒரே மாதிரி வருமா, வரும், கிணற்றில் விழுகிற கல் எத்தனை தடவை போட்டாலும் கீழேதான் விழும், இல்லை, அது தப்பு இல்லையே, உதாரணமே கோணலாக வருகிறது. டாக்டரிடம் என்ன சொல்வது. சார், தாளில் நார்மல் இருக்கு, ஆனா. அந்த ஆனாவுக்கு அப்புறம் வாய் வரமாட்டேன் என்கிறது. சார், சத்தம் சரியில்ல. சபா காது என்பார். சார், சர்க்கரைக்காரங்களுக்குக் குழாய்ச் சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சிருந்தா. அதை அவருக்கு நான் சொல்வதா, அவர் பாடம் நடத்தினவர், அவருக்குத் தெரியாதா, தெரியும், ஆனால் ஒரு நாளைக்கு அறுபது தாளில் கையெழுத்துப் போடுகிறவருக்குப் பச்சை எழுத்தைத் தாண்டிப் பார்க்க நேரம் எங்கே. பதினொன்று பதினான்கு. கம்பளிக்குள் கையைவிட்டுப் பார்த்தேன், இடது பெருவிரல் வெதுவெதுப்பாகிவிட்டது, வலது பெருவிரல் இன்னும் இல்லை.

சும்மா படுத்திருக்க அவருக்கு முடியவில்லை, பேசினால் அழுத்தம் ஏறும்மா என்று நான் சொன்னதும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார். மூடியிருந்த கம்பளியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார், இருபத்தாறு வருடப் பழக்கம், துணி கிடைத்தால் விரல் சும்மா இருக்காது. இது என்ன கம்பளி, பாதி நைலான் என்றார். அப்புறம் கடைக்கு வருகிறவர்களைப் பற்றி ஆரம்பித்தார். சேலையை விரித்துப் போட்டதும் எல்லாரும் முதலில் அழுத்தித்தான் பார்ப்பார்களாம், அழுத்திப் பார்த்துவிட்டு, நல்லா கெட்டியா இருக்கே, இதையே எடுத்துக்குவோம் என்பார்களாம், நல்ல நூல் சேலை மெத்தென்று கையில் விழும், அதை ஒதுக்கிவிடுவார்களாம். “கெட்டி துணியில இல்லய்யா, கஞ்சியில. ஒரு தண்ணிக்குத்தான். நகத்தால ஓரத்தைச் சொரண்டிப் பாத்தா மாவா உதிரும். அழுத்திப் பாத்தா எப்படித் தெரியும், அழுத்துனா கஞ்சிதானே முட்டுக் குடுக்கும்.” நான் எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, எழுந்து மேஜைவரை போய்த் தாளை எடுத்துப் பார்த்தேன், ஒன்று புள்ளி ஒன்று எட்டு, கஞ்சி, இது கஞ்சியின் எண். பட்டை கணுக்காலை அழுத்துகிறது, உள்ளே குழாய் மடங்கமாட்டேன் என்கிறது, ரத்தத்தின் பலத்தால் இல்லை, சுவரில் படிந்த சுண்ணாம்பின் பலத்தால், மெஷின் இன்னும் அழுத்துகிறது, அப்பாடா எவ்வளவு பலம் என்று நினைத்துப் பெரிய எண்ணை எழுதி, பெரிய எண் என்றால் நல்லது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பச்சையில் நார்மல் போட்டுவிடுகிறது. நூறு தடவை அழுத்தினாலும் நூறு தடவையும் அதே எண்தான் வரும். ஒட்டி வருவது வேறு, சரியாக வருவது வேறு. மெஷின் பொய் சொல்லவில்லை, எவ்வளவு அழுத்தினால் மடங்கும் என்று கேட்டோம், சொன்னது, எவ்வளவு ரத்தம் போகிறது என்று நாம் கேட்கவே இல்லை. அப்படியானால் ஓரத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஓரம் எது. ஓரம் விரல்தான், கால் பெருவிரலின் சின்னக் குழாய்களில் இந்தச் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை, அங்கே அழுத்தினால் ரத்தம் மட்டும்தான் பதில் சொல்லும், அதற்குத்தானே ஏசியை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன், இவ்வளவு நேரம் என் கைக்குத் தெரிந்தது இப்போது வாய்க்கும் தெரிந்துவிட்டது. என்னய்யா எந்திரிச்சிட்ட, கஞ்சின்னதும் பசிச்சிட்டா என்றார் பாக்கியத்தாய் அம்மா.

பதினொன்று பதினெட்டு. விரலுக்கான பட்டை மெஷினோடு வந்தது, வாங்கின நாளிலிருந்து கீழ் இழுப்பறையில் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்தது, டிப்ளமோவில் செய்து பார்த்ததுதான், இங்கே யாரும் எழுதிக் கேட்டதில்லை. பல்லால் உறையைக் கிழித்தேன். முதலில் இடது. நல்ல கால் என்ன சொல்கிறது என்று தெரிந்தால்தான் கெட்ட காலின் பேச்சு புரியும். பெருவிரலின் அடியில் பட்டை, நுனியில் சிவப்பு வெளிச்சம் எரிகிற சின்னக் கிளிப், அந்த வெளிச்சம் தோலுக்கடியில் ரத்தம் வந்து போவதைத் திரையில் அலையாக வரையும். காற்றடித்தேன், அலை படுத்துவிட்டது. மெதுவாக இறக்கினேன், நூற்றுப் பத்து, நூறு, தொண்ணூறு, எண்பத்தெட்டில் கோடு லேசாக முதுகைத் தூக்கியது, எண்பதில் குதித்தது. எண்பத்தெட்டு. இந்த வயதுக்கு, இந்தச் சர்க்கரைக்கு, போதும் போதும். இனி வலது. கையைத் துடைத்துக்கொண்டேன். காற்றடித்தேன், ஏற்கெனவே சின்னதாக இருந்த அலை படுத்தது. இறக்கினேன். நூறு, ஒன்றுமில்லை. எண்பத்தெட்டு, ஒன்றுமில்லை. எழுபது. அறுபது. கோடு மேஜையில் வைத்த நூல் மாதிரி கிடக்கிறது. ஐம்பதில் ஒருவேளை கிளிப் நழுவிவிட்டதோ என்று பார்த்தேன், நழுவவில்லை. நாற்பது. நாற்பதில் அந்தக் காலேஜ் பிள்ளையின் அப்பா அழுதது ஞாபகம் வந்தது, தொட்டுப் பார்த்தேன், விரல் சூடாகத்தான் இருக்கிறது, என் கையைவிடச் சூடு, குளிர் இல்லை, இது குளிர் இல்லை. முப்பது. இருபத்தேழில் கோட்டில் ஒரு சுருக்கம். அப்புறம் இன்னொன்று. முப்பதுக்குக் கீழே இருந்தால் அந்தப் பாதத்தில் எந்தப் புண்ணும் தானாக ஆறாது. காகிதத்தில் எழுதினேன், இரண்டு நிமிடம் விட்டு மறுபடி, இருபத்தாறு. மறுபடி, இருபத்தெட்டு. இந்தத் தடவை ஒட்டியும் வந்தது, சரியாகவும் வந்தது. ஒரு பெண்ணின் பாதத்தில் ரத்தம் இல்லை என்று தெரிந்து சந்தோஷப்படுகிறவனை என்னவென்று சொல்வது, ஆனால் எனக்கு நெஞ்சு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது, கண்ணுக்கு முன்னால் வெட்டாத ஒரு முட்டி, ஒரு கணுக்கால், கடையில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஊன்றியிருக்கிற இரண்டு பாதங்கள். மூச்சு வாங்கியது, அறை அடுப்பு மாதிரி இருந்தது.

கதவு திறந்தது. டாக்டர் அருமைநாயகம் உள்ளே ஒரு காலை வைத்ததுமே, என்ன தம்பி இட்லி அவிக்கிறியா என்றார், பின்னால் வந்த ஸ்டெல்லா சிஸ்டர் கையால் விசிறிக்கொண்டே ஏசி சுவிட்சைத் தேடினார். டாக்டர் நின்றபடியே தாளை எடுத்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார், பேனா நார்மலுக்குக் கீழே இறங்கியது. இவ்வளவு நேரம் ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியமும் வரவில்லை. “சார், அது கஞ்சி” என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. பேனா நின்றது. சிஸ்டரின் கை சுவிட்சிலேயே நின்றது. டாக்டர் என்னைப் பார்த்தார், எது என்றார். இப்போது நிறுத்தினால் ஆயுசுக்கும் வித்வான்தான், நிறுத்தவில்லை, கணுக்கால் எண் குழாயின் விறைப்புக்கு வந்த எண் சார், ரத்தத்துக்கு வந்தது இல்லை, சுண்ணாம்பு முட்டுக் கொடுக்கிறது, விரலில் எடுத்தேன், பத்து நிமிடம் சூடேற்றிவிட்டுத்தான் எடுத்தேன், இடது எண்பத்தெட்டு, வலது மூன்று தடவை, இருபத்தேழு, இருபத்தாறு, இருபத்தெட்டு, ஒரே அறை சார், ஒரே சூடு, ஒரே ஆள். இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசினதே இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கம்பளியை விலக்கி இரண்டு பாதத்தையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரே காற்றடித்தார். அவர் இறக்குகிற வேகம் என்னைவிட மெது. எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின, எழுபது, அறுபது, எனக்குக் காதுக்குள் என் துடிப்பு மட்டும்தான் கேட்டது, நாற்பத்தைந்தில் திரை ஒரு தடவை அசைந்தது, என் உயிர் போனது, அம்மா காலை அசைத்திருக்கிறார், டாக்டர் அசையாதீங்கம்மா என்றார், மறுபடி கோடு நேரானது, நாற்பது, முப்பத்தைந்து, முப்பது. “இருவத்தேழு” என்றார் டாக்டர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, திரையிடம் சொன்ன மாதிரி இருந்தது.

அவர் எழுந்து தியேட்டருக்குப் போன் போட்டார். நாளைக் காலை விரல் கேஸ் ஒன்றை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார், பலூன் போடுகிற பிரிவில் இன்று மத்தியானமே இடம் வேண்டும் என்றார், இல்லை நாளைக்கு இல்லை இன்றைக்கு என்று ஒரு தடவை குரலை உயர்த்தினார். போனை வைத்துவிட்டு, இனிமேல் சர்க்கரைக்காரர் யார் வந்தாலும் விரலிலும் எடுக்க வேண்டும், எடுக்காமல் தாள் என்னிடம் வரக் கூடாது என்று சிஸ்டரிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை, அதுவே எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. பாக்கியத்தாய் அம்மா எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம்தான் கேட்டார், அப்போ நார்மல் இல்லையாய்யா என்று. டாக்டர் சொல்வார் என்று காத்திருந்தேன். டாக்டர் நான் சொல்வேன் என்று காத்திருந்தார். “இல்லம்மா, நார்மல் இல்ல. அதான் நல்ல சேதி. அடைப்பு இருக்குன்னு இன்னைக்கே தெரிஞ்சிட்டு. நாளைக்கு விரலை எடுத்திருந்தா ஆறியிருக்காது.” அவர் தன் வலது பாதத்தைப் பார்த்தார். பிறகு, முட்டி வரைக்கும் போயிருக்குமோ என்று மெதுவாகக் கேட்டார், இவ்வளவு நேரத்தில் அவர் மெதுவாகப் பேசினது அதுதான். போயிருக்கும்மா என்றேன். அடைப்பைத் திறந்துட்டா போகாது என்றார் டாக்டர். பாக்கியத்தாய் அம்மா கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார், துணியைப் பிடிக்கிற அதே இரண்டு விரலால் பிடித்து, ஒரு தடவை தேய்த்துவிட்டு விட்டார்.

தாளின் அடியில் சோதனை எடுத்தவர் என்று ஒரு கோடு இருக்கிறது, மெஷினே எடுப்பதால் அதை யாரும் நிரப்புவதில்லை, நான் சேர்ந்த இரண்டு வருடத்தில் அந்தக் கோடு வெறும் கோடாகத்தான் ஃபைலுக்குப் போயிருக்கிறது. டாக்டர் பச்சை வார்த்தையை ஒரே இழுப்பாக அடித்துவிட்டு, பக்கத்தில் வலது விரலின் நாலு எண்களையும் தன் கையால் எழுதி, நாலாவதுக்கு மட்டும் தன் கையெழுத்தைப் போட்டார். மற்றது உன்னுது, பேரை எழுது என்று பேனாவை என் பக்கம் நீட்டினார். தளவாய் என்று எழுதினேன். பெரிதாக எழுதிவிட்டேன், கோட்டைத் தாண்டிவிட்டது. பாக்கியத்தாய் அம்மா தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தார், “தளவாயா. பேரைப் பாத்தா யானைமேல வரணும், நீ என்னடான்னா முணுமுணுங்குத” என்றார், டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார், ஸ்டெல்லா சிஸ்டர் தள்ளுநாற்காலியைக் கொண்டுவந்து, தளவாய், அந்தப் பக்கம் பிடி என்றார், பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். இருவருமாகத் தூக்கி உட்காரவைத்தோம், வலது பாதம் எதிலும் முட்டாமல் நான் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன், அது இன்னும் சூடாக இருந்தது. வராந்தாவில் வெயில் பளீரென்று விழுந்திருந்தது. வலப்பக்கம் போனால் விரல், பாதம், முட்டி எடுக்கிறவர்கள் காத்திருக்கிற வார்டு லிஃப்ட். இடப்பக்கம் குழாய் திறக்கிற பிரிவு. நான்தான் தள்ளினேன், சக்கரம் ஒரு தடவை கிறீச்சிட்டது, இடப்பக்கம் திருப்பினேன்.